லாரிக்கு முதுகில் ஒரு கண்

லாரியின் பின்பக்கத்தை ஊரே படிக்கும். "சவுண்ட் ஹாரன்" என்று ஒரு வரி, முதலாளியின் குலதெய்வம், பிள்ளைகளின் பெயர்கள், கண்ணேறு கழிக்க ஒரு பழைய செருப்பு... எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்னால் வருகிற பைக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோரும் பார்க்கிற அந்த இடத்தை, வண்டி நகரும்போது பார்க்கவே முடியாத ஒரே ஆள் யார் தெரியுமா? அதை ஓட்டுகிறவர்தான்!

காரில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி வழியாக ஏதோ கொஞ்சம் தெரியும். லாரியில் திரும்பிப் பார்த்தால் கேபினின் பின்சுவர்தான் தெரியும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் பாடியின் இரண்டு ஓரங்களைக் காட்டும். நட்டநடுவில், பின் கதவுக்கு நேராக ஒரு யானை நின்றால்கூடத் தெரியாது. யானையே தெரியாது என்றால் ஆள் எப்படித் தெரிவான்?

அதற்காகத்தான் லாரியில் கிளீனர் என்று ஒருவர் இருந்தார். பேர்தான் கிளீனர். கண்ணாடி துடைப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது எல்லாம் அவர் வேலைதான் என்றாலும், அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் போய் நின்று, பாடியைக் கையால் தட்டிக்கொண்டே "வா... வா... வா... லெப்ட்ல ஒடி... வா..." என்று குரல் கொடுப்பது. பலமாக ஒரு அடி விழுந்தால் நிறுத்த வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அந்தத் தட்டலில்தான் தெரியும். அதாவது, லாரியின் முதுகில் இருந்த கண் ஒரு மனிதன். அந்தக் கண் நிற்கிற இடமோ, இருப்பதிலேயே ஆபத்தான இடம்.

இது திருச்செங்கோடு பக்கத்தில் சொந்தமாக ஒரே ஒரு பத்துச் சக்கர டாரஸ் வைத்து ஓட்டும் ஒருவரின் கதை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரிக்குப் பேர்போனது. பாடி கட்டுகிறவர், டயருக்கு ரீட்ரெட் போடுகிறவர், பெயின்டர், ஓட்டுநர் என்று ஒரு தெருவில் நாலு வீடாவது லாரியை நம்பித்தான் அடுப்பு மூட்டும். இவரும் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கிச் சொந்த வண்டிக்காரர் ஆனவர்தான். இருபத்திரண்டு வருட அனுபவம். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, எவ்வளவு குறுகிய சந்திலும் வண்டியை விட்டுவிடுவார் என்று பெயர்.

அவரிடம் கிளீனராக இருந்தவன் அதே ஊர்ப் பையன். பத்தொன்பது வயது. அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு ஐப்பசி மாத இரவு. வெளிமாவட்டத்தில் ஒரு குடோன். நல்ல மழை. சரக்கை இறக்குவதற்காக வண்டியை மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும். பையன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் போனான். தட்டல் கேட்டது. "வாங்ணா... வாங்ணா..." வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. நடுவில் தட்டல் நின்றது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று நினைத்தார். பலமான அடி விழவில்லையே, அப்புறம் என்ன... வண்டி இன்னும் ஒரு அடி பின்னால் போனது. அப்போது மேடையில் நின்ற லோடுமேன் ஒருவர் போட்ட கூச்சல்தான் அவர் காலை பிரேக்கில் வைத்தது.

இறங்கி ஓடிப் பார்த்தால், பையன் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்திருக்கிறான். எழுந்தவன் பிடிமானத்துக்கு மேடையின் விளிம்பில் வைத்த இடது கை, வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. இரண்டு விரல்களில் எலும்பு முறிவு. கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றிருந்தால் விரலோடு போயிருக்காது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு பையன் சொன்னது ஒன்றுதான்: "வழுக்கிருச்சுங்ணா, அதான் தட்ட முடியல."

அதை அவன் தன்னுடைய தப்பு மாதிரி சொன்னான். அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. தட்டுகிற சத்தம் கேட்டால் வரலாம், பலமாக அடித்தால் நிற்க வேண்டும். சரி, சத்தமே இல்லையென்றால்? இருபத்திரண்டு வருடமாக அவர் அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தார்: "ஒன்றும் இல்லை, வரலாம்." அடிபட்டவன் எப்படித் தட்டுவான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பையனுக்கு விரல் கூடிவிட்டது. ஆனால் அவன் அம்மா மறுபடி லாரிக்கு அனுப்பவில்லை. ஒரு மில்லில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வேறு கிளீனர் தேடினால் ஆள் கிடைக்கவில்லை. அந்தச் சம்பளத்துக்கு, அந்தத் தூக்கமில்லாத வேலைக்கு இப்போது எந்தப் பையன் வருவான்? கிடைத்தாலும் இன்னொரு வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்த அவருக்கு மனமில்லை. தனியாகவே ஓட்டினார். ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் இறங்கிப் பார்ப்பார், ஏறுவார், நாலடி நகர்த்துவார், மறுபடி இறங்குவார். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே கொல்லும். சந்துக்குள் இருக்கும் குடோன் என்றால் லோடே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நின்றது.

அவருக்கு ஒரு மகள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கிறாள். அவள்தான் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"ஏனுங்ப்பா, ஒரு கேமரா மாட்டிக்கலாமில்ல?"

"அதெல்லாம் காருக்குச் சாமி. லாரிக்கு எவன் மாட்டறான்?"

"லாரிக்குத்தானுங்ப்பா முதல்ல வேணும்!"

அடுத்த வாரம் அவரே ஒரு கடையில் 900 ரூபாய்க்கு கார் கேமரா ஒன்று வாங்கி வந்துவிட்டார். மகளுக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம்! தானே ரிவர்ஸ் லைட்டு ஒயரில் இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டு, ரிவர்ஸ் கியர் போட்டார். ஒரு வினாடி படம் வந்தது. அடுத்த வினாடி கருகிய வாசனை வந்தது. 900 ரூபாய் புகையாகப் போனது.

காரணம் எளிமையானது. கார்களில் இருப்பது 12 வோல்ட். நம்ம ஊர் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுவதால் அது 28 வோல்ட் வரைக்கும் போகும். 12 வோல்ட்டுக்குச் செய்த கேமராவுக்கு அதைக் கொடுத்தால் தாங்குமா?

கடைத்தெருவில் ஒருவர் ஒரு குறுக்குவழி சொன்னார். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடுமே என்று. பலர் டேப் ரெக்கார்டருக்கு அப்படித்தான் செய்கிறார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். சார்ஜ் ஏறும்போதோ இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். இறங்கியது முழுதாக நிறையாது, நிறைந்தது அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் இரண்டு பேட்டரியும் சீக்கிரமே வீணாகும். கேமராவில் மிச்சம் பிடித்த காசைப் பேட்டரிக் கடையில் கொடுக்க வேண்டியதுதான்!

சரியான வழி இரண்டு. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போடலாம். அல்லது "12-24 வோல்ட்" என்று போட்ட, கனரக வண்டிக்கான செட்டாகவே வாங்கலாம். அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். 7 அங்குலத் திரை, ஒரு கேமரா, 20 மீட்டர் ஒயர். விலை 3,200 ரூபாய். கார் செட்டில் வரும் ஒயர் லாரிக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாரஸ் முப்பதடிக்குப் பக்கம் நீளம். ஒயர் நேராகப் போகாது, சேஸ் ஓரமாக வளைந்து வளைந்து போகும். பாதி வழியில் ஒட்டுப் போட்டால் அந்த ஒட்டில்தான் முதல் மழைத்தண்ணீர் இறங்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, தண்ணீருக்கும் தூசிக்கும் தாங்கும் அளவு. பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். சக்கரங்கள் வாரியிறைக்கும் சேற்றுக்கு அந்த அளவாவது வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. தெருக்கோடி எலக்ட்ரீஷியன் ஒருவர் துணைக்கு வந்தார். முதல் வேலையாக மகள் பேட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொன்னாள்.

கேமராவை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. பின் கதவில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒயர் மடங்கி ஒடியும். பாடியின் உச்சியில் வைத்தால் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் கிரேனோ மரக்கிளையோ ஒருநாள் தட்டிவிடும். கடைசியில் பாடியின் அடிச்சட்டத்தில், நம்பர் பிளேட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி வைத்தார்கள். வண்டி மேடையில் இடித்தால்கூடக் கேமரா இடிபடாது. கோணத்தைக் கீழே சாய்த்து, வண்டியின் பின் பம்பர் திரையின் அடியில் ஒரு கோடாகத் தெரியும்படி வைத்தார்கள். இது முக்கியம். நம் வண்டி எங்கே முடிகிறது என்று திரையில் தெரியாவிட்டால், மற்றது எவ்வளவு பக்கம் என்று எப்படித் தெரியும்?

ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சேஸின் உள்பக்கமாக, ஏற்கெனவே போகிற ஒயர்க் கட்டோடு சேர்த்து அடிக்கு ஒரு கட்டுப் போட்டார்கள். சைலன்சருக்குப் பக்கத்திலும் சுற்றுகிற ஷாஃப்டுக்குப் பக்கத்திலும் போகவே கூடாது. கேபின் முன்னால் சாய்கிற வண்டி என்பதால் அந்த இடத்தில் ஒரு முழம் தளர்வாக விட்டார்கள். இல்லையென்றால் முதல் தடவை கேபினைச் சாய்க்கும்போதே ஒயர் பிய்ந்துவிடும்.

பிறகு திரையின் இணைப்பு. மூன்று ஒயர்தான். ஒன்று சாவி போட்டால் கரண்ட் வருகிற இடத்துக்கு, பியூஸ் வழியாக. ஒன்று எர்த். மூன்றாவது ரிவர்ஸ் லைட்டின் ஒயருக்கு. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அதில் கரண்ட் வரும், உடனே திரை பின்பக்கத்தைக் காட்டும். எலக்ட்ரீஷியன் நிறத்தைப் பார்த்தே ஒரு ஒயரை வெட்டப் போனார். மகள் தடுத்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். அது பிரேக் லைட்டு ஒயர்! "நிறத்தை நம்பாதீங்ணா, மீட்டரை நம்புங்க" என்றாள். ஆயுதபூஜைக்கு அவர் கடையில் மீட்டருக்கும் ஒரு பொட்டு வைத்திருப்பார் என்று நம்பலாம்.

குழாய் 250, பியூஸ், டேப், கட்டு எல்லாம் சேர்த்து 180, எலக்ட்ரீஷியன் கூலி 500, கேமரா செட் 3,200. ஆக 4,130 ரூபாய். புகையாகப் போனதையும் சேர்த்தால் 5,030. ஒரு டயர் விலைகூட இல்லை.

இந்தக் கேமரா ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1956-லேயே அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 'செஞ்சூரியன்' என்ற காட்சிக் காரில், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குப் பதில் ஒரு டிவி கேமராவை வைத்துக் காட்டியது. அப்போது அது வெறும் வேடிக்கை. அது சட்டமாவதற்கு ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. 2002-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, சொந்த வீட்டு வாசலில், சொந்த அப்பா ரிவர்ஸ் எடுத்த காரில் அடிபட்டு இறந்தான். அந்த அப்பா குழந்தைகள் டாக்டர்! கவனக்குறைவானவர் இல்லை. கண்ணாடியில் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2014-ல் விதிகள் வந்தன. 2018 மே முதல் அங்கே தயாராகும் 10,000 பவுண்டுக்கு (சுமார் 4,500 கிலோ) உட்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் பின்பக்கக் காட்சி கட்டாயம். ரிவர்ஸில் அடிபட்டு அங்கே வருடத்துக்குச் சுமார் 210 பேர் இறக்கிறார்கள், அதில் 31 சதவீதம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று அந்த விதியை வெளியிட்டபோது அரசு கணக்குச் சொன்னது. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகியிருக்கிறது. பழைய லாரி வைத்திருப்பவர் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 4,130 ரூபாய் போதும்.

அந்த அமெரிக்க விதியில் ஒரு அளவு இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள இடம் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்ட 2 வினாடிக்குள் படம் வந்துவிட வேண்டும். மகள் அதை அப்படியே சோதித்துப் பார்த்தாள். வாசலில் கோலமாவை எடுத்துவந்து லாரிக்குப் பின்னால் பத்துக்கு இருபது கட்டம் போட்டாள். உள்ளே ஐந்து பிளாஸ்டிக் குடங்களை வைத்தாள். முதலில் திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் மட்டும் பார்க்கச் சொன்னாள்.

"எத்தனை குடம் தெரியுதுங்ப்பா?"

அவர் இடது கண்ணாடி, வலது கண்ணாடி என்று மாறி மாறிப் பார்த்தார். ஓரமாக இருந்த ஒன்றின் விளிம்பு மட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

திரையைப் போட்டதும் ஐந்தும் தெரிந்தன. ஆனால் எல்லாம் உண்மையில் இருப்பதைவிடத் தூரமாகத் தெரிந்தன. அகலமாகக் காட்டும் லென்ஸின் குணம் அது. மலிவான செட்டில் வருகிற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் நம் வண்டிக்கு அளந்து போட்டவை அல்ல. அதனால் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டரில் செங்கல் வைத்து, அது திரையில் எங்கே தெரிகிறதோ அங்கே இன்சுலேஷன் டேப்பை மெல்லிசாக வெட்டி ஒட்டினார்கள். படம் கண்ணாடி போல இடவலம் மாறித் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். மாறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் ஒடிக்க நேரும்.

எல்லாம் முடிந்த பிறகு மகள் கேமராவின் முன் ஒரு பிடி சேற்றை அப்பினாள். திரை மங்கிக் கறுப்பானது.

"இப்ப என்ன தெரியுதுங்ப்பா?"

"ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும் தெரியலீன்னா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நிக்கோணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவானது என்று சொல்லலாம். கேமரா சேற்றில் மூடிக்கொள்ளும். ஒயர் ஒருநாள் அறுந்துபோகும். இரவில் அதன் விளக்கு சில மீட்டருக்கு மேல் எட்டாது. பக்கவாட்டில் வருகிறவனை அது காட்டாது. அமெரிக்காவில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது, கேமரா இருந்தாலும் "இறங்கிப் பார்" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேமரா காட்டுவதை நம்பலாம். காட்டாததை நம்பக் கூடாது. சத்தம் இல்லையென்றாலும், படம் இல்லையென்றாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நில்.

இப்போது அவர் ரிவர்ஸ் எடுக்கிற முறையே வேறு. முதலில் இறங்கி ஒரு சுற்று நடப்பார். போகிற போக்கில் துண்டால் லென்ஸைத் துடைப்பார். ஏறி, கியர் போட்டு, படம் வந்த பிறகே கிளட்சை விடுவார். யாராவது ஆர்வக் கோளாறில் "வா வா" சொல்லப் பின்னால் போய் நின்றால், ஓரமாக வந்து கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்வார். சந்துக் குடோன் லோடுகளுக்கும் மறுபடி போக ஆரம்பித்துவிட்டார்.

பொங்கலுக்கு அந்தப் பையன் மில்லிலிருந்து ஊருக்கு வந்திருந்தான். லாரியில் டிவி மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தான். அவர் அவனை ஓட்டுநர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார். எஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் போட்டு, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரில் வைத்தார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அவன் அத்தனை நாள் நின்ற அதே இடத்தில் போய் நின்று, பழக்கத்தில் பாடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"தெரியுதாடா?"

பையன் கதவு வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்: "முழுசாத் தெரியறீங்ணா! காலு வரைக்கும் தெரியுது!"

அவர் உடனே நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரிய வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலமாவும் ஐந்து குடமும் எடுத்துக்கொண்டு போங்கள். அவரைச் சீட்டில் உட்காரவைத்து எத்தனை தெரிகிறது என்று கேளுங்கள். கேமரா வாங்கும் பேச்சை அதற்கப்புறம் அவரே ஆரம்பிப்பார்.